ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எனக்கு நேரம்

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

வயது 41. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் பிரிவில் சூப்பர்வைசர். கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வீட்டில் இருப்பார். மகள் பிளஸ் டூ. மாமியாரும் கூடவே இருக்கிறார். காலை 4.45க்கு அலாரம், 7 மணிக்குக் கம்பெனி பஸ். திரும்பி வர 6.45 ஆகிவிடும். அப்புறம் சமையல், பாத்திரம், தண்ணீர் பிடிப்பது, மறுநாளைக்குக் காய் நறுக்குவது என்று எல்லாம் முடிய 9.45. "பத்து நிமிஷம் பார்த்துட்டுப் படுக்கலாம்னு போனை எடுப்பேன். நிமிர்ந்தா மணி பன்னிரண்டே முக்கால். என்ன பார்த்தேன்னு கேட்டா சொல்லத் தெரியாது" என்கிறார்.

போன மாதம் வேலையில் கண் அசந்து, சைஸ் மாறிய ஒரு லாட்டை அப்படியே அனுப்பிவிட்டாராம். மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். அதைவிட மகள் சொன்னதுதான் அதிகம் சுட்டிருக்கிறது: "என்னை மட்டும் போனை வைன்னு சொல்றியே, நீ என்னம்மா பண்ற?" ஆப்பை மூன்று முறை அழித்து மூன்று முறையும் திரும்ப ஏற்றியிருக்கிறார். பட்டன் போன் வாங்கினார், நான்கு நாளில் அலமாரிக்குப் போய்விட்டது. இப்போது ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: 4 மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி, யோகா, தினம் பத்துப் பக்கம் புத்தகம், ஸ்போக்கன் இங்கிலீஷ், மாடித் தோட்டம். மகள் சொன்னதால் ஆரி ஒர்க்கும் உண்டு, "சைடு வருமானம் வருமாம்".

கேள்விகள் மூன்று. நான் போனுக்கு அடிமையாகிவிட்டேனா, மாத்திரை இருக்கிறதா? யூடியூபில் சொல்லும் 'டோபமைன் டீடாக்ஸ்' செய்யலாமா? இந்தப் பட்டியலை 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடுமா?

சகோதரி, கேள்விகளுக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்து ஓரத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஐந்து வரிதான் எனக்கு இந்தக் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது. அதற்கும் வருகிறேன்.

அடிமை என்ற பட்டம் வேண்டாம்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் இப்போதைய பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சூதாட்டமும் வீடியோ கேம் விளையாட்டும் கட்டுக்கு மீறிப் போவது அதில் நோயாக இருக்கிறது. 'மொபைல் அடிமை' என்று தனியாக ஒரு நோய் இல்லை. அதனால் அதற்கென்று மாத்திரையும் இல்லை. வேலைக்கு ஒழுங்காகப் போகிறீர்கள், சீட்டுப் பணம் தவறாமல் கட்டுகிறீர்கள், மகளின் தேர்வுத் தேதிகளைக்கூடக் கடிதத்தில் மனப்பாடமாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனே கதி என்று கிடப்பவரின் கடிதமாக இது எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாளுக்கு நான்கு மணி நேரத் தூக்கம் என்பது சாதாரண விஷயம் இல்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். லாட் மாறிப்போனதற்குத் தூக்கக் குறைவுதான் காரணமே தவிர, உங்கள் குணம் அல்ல.

'மனஉறுதி இல்லாதவள்' என்று உங்களை நீங்களே மூன்று இடத்தில் திட்டியிருக்கிறீர்கள். கீழே இழுக்க இழுக்க முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் திரை தானாக முளைத்தது இல்லை. 2006இல் அதை வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். பத்து வீடியோவில் ஒன்றுதான் நன்றாக இருக்கும், அது எந்த ஒன்று என்று முன்கூட்டித் தெரியாது. இப்படி நிச்சயமில்லாமல் எப்போதாவது கிடைக்கும் பலன்தான் உயிர்களை விடாமல் பிடித்துவைக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணி நேரம் வெளியே, மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்ற ஒரு மனுஷி ராத்திரி பத்து மணிக்கு அதோடு மல்லுக்கு நின்று ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே நியாயம் இல்லை.

போன், டிவி மாதிரி இன்பம் தரும் எல்லாவற்றையும் கொஞ்ச நாள் ஒதுக்கிவைக்கும் டோபமைன் டீடாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. டோபமைன் நம் மூளையே சுரக்கும் ஒரு ரசாயனம். அது உடம்பில் சேர்ந்துபோகும் விஷம் அல்ல, பட்டினி கிடந்து வெளியேற்றுவதற்கு. ஓர் அடி எடுத்து வைப்பதற்கும் அது வேண்டும். அது குறைந்துபோவதால் வருவதுதான் பார்கின்சன் நோய். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைத் தொடாமல் இருந்தால் நல்லதுதான், தடை சொல்ல மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை ராத்திரி 9.45 அப்படியேதான் வரும்.

அந்த நேரம் யாருடையது?

4.45 முதல் 9.45 வரை உங்கள் நாளை நீங்களே மணிக்கணக்குப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை இரண்டு முறை படித்தேன். உங்களை யாரும் எதற்கும் கூப்பிடாத ஒரு மணி நேரம்கூட அதில் இல்லை. 9.45க்குத்தான் வீடு அடங்குகிறது. பகலில் தனக்கென்று நேரமே கிடைக்காதவர்கள், தூக்கம் கண்ணை இழுத்தாலும் படுக்கையைத் தள்ளிப்போடுவார்கள். படுத்துவிட்டால் அடுத்து அலாரம்தானே. நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது உங்களுடைய அந்த நேரத்தை. கைக்கெட்டும் தூரத்தில், எழுந்து போக வேண்டாத இடத்தில் போன் கிடந்ததால் அந்த நேரத்துக்குள் அது உட்கார்ந்துவிட்டது.

அதனால்தான் ஆப்பை அழித்தும் நிற்கவில்லை. காலி மனையில் சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டுச் சும்மா விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். அங்கே ஒரு கொட்டகையாவது எழும்ப வேண்டும். போனை எப்படி விடுவது என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எனக்கு என்ன வேண்டும் என்பது முதல் கேள்வி.

பட்டன் போன் தோற்றதற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது. மளிகைக் கடையில் ஜிபே, மகளின் பள்ளிக்கூட குரூப், கம்பெனி குரூப், வழியில் எங்கிருந்தோ வரும் கணவரின் வீடியோ கால் எல்லாமே ஸ்மார்ட் போனில் இருக்கின்றன. அது இல்லாமல் இன்றைக்கு உங்கள் குடும்பம் ஓடாது. நான்கு நாள் ஓட்டியதே அதிகம்.

உங்கள் பட்டியலைப் பார்த்தேன்

கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பட்டியலில் உங்களைக் காணோம். நடை, யோகா, இங்கிலீஷ், தோட்டம் எல்லாம் நல்லவைதான். ஆனால் ஒவ்வொன்றும் இன்னொரு வேலை. 4.45க்கே தூக்கம் போதாமல் எழுகிற ஆளை 4 மணிக்கு எழுப்பும் திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. தோற்றதும் 'எனக்கு மனஉறுதி இல்லை' என்பதற்கு இன்னொரு சாட்சி சேரும்.

ஆரி ஒர்க்கை நான் நேரடியாகவே வேண்டாம் என்கிறேன். பகல் முழுக்கத் தையல் லைனில் நின்று, ஊசியும் நூலும் தோல் வாசனையுமாக இருந்துவிட்டு, ராத்திரியும் ஃபிரேமைப் போட்டுக் குனிந்து மணி கோப்பதா? வருமானம் வரலாம். ஆர்டர் வந்தால் தேதிக்குக் கொடுத்தாக வேண்டும், முகூர்த்த மாதத்தில் ராத்திரி ஒரு மணி ஆகும். போனுக்குப் பதில் ரெண்டாவது ஷிப்ட், அவ்வளவுதான். மகள் அக்கறையில் சொல்கிறாள். அவளுக்குப் பிடித்திருந்தால் தேர்வு முடிந்ததும் அவள் கற்றுக்கொள்ளட்டும்.

21 நாள் கணக்குக்கும் ஆதாரம் இல்லை. 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மாறிய தோற்றம் மனதில் பதியக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' என்பது வழியிலேயே உதிர்ந்து, எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. பிறகு லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்றபடி அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதையும் பார்த்தார்கள். 'ஒரு நாள் விட்டதும் எல்லாம் போச்சுன்னு விட்டுட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்குத் தேவையான செய்தி அதுதான்.

கரன்ட் போன ராத்திரி

இனி அந்த ஐந்து வரி. உங்கள் வார்த்தையிலேயே தருகிறேன்: "சித்திரையில ஒரு நாள் கரன்ட் போச்சு. போன்லயும் சார்ஜ் இல்ல. மாடியில பாய் போட்டோம். மாமியார் அவங்க ஊரு பாரதத்துல அர்ச்சுனன் தபசுக்கு நின்னு எலுமிச்சம்பழம் புடிச்ச கதைய சொன்னாங்க. நானும் பொண்ணும் சிரிச்சிட்டே கேட்டோம். எப்ப தூங்கினேன்னே தெரியல."

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் தெரியாத வாசகர்களுக்காக: பகலில் மகாபாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியத் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் என்று நாள்கணக்கில் நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். உங்கள் மாமியார் அப்படி நின்று பிடித்த பழத்துக்குப் பிறகு பிறந்தவர்தான் உங்கள் கணவர் என்று நான் ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் அவரையே கேட்டுச் சொல்லுங்கள்.

அந்த ராத்திரியில் என்ன நடந்தது என்று பாருங்கள். போன் கையில் இல்லை. வீட்டில் மற்றவர்களிடமும் இல்லை, டிவியும் ஓடவில்லை, அதனால் நீங்கள் மட்டும் தியாகம் செய்வதாகத் தோன்றவில்லை. யாரும் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை, ஒருவர் உங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது எதற்கும் பயன்பட வேண்டிய கட்டாயமும் இல்லை. மனஉறுதி எங்கேயும் தேவைப்படவில்லை, இல்லையா?

இதையே வாரத்தில் மூன்று ராத்திரி கரன்ட் இருக்கும்போதும் செய்து பாருங்கள் என்பதுதான் என் யோசனை. மாமியாரோடு உங்களுக்கு எல்லாம் சுமுகம் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கம் வேறு கதை சொல்கிறது. பரவாயில்லை. சமையலைப் பற்றிக் குறை சொல்லும் வாய் பாரதக் கதையில் இருக்கும் நேரம் குறை சொல்லாது. அவருடைய சீரியல் முடிந்த பிறகு மாடிக்குப் போங்கள். மார்கழிப் பனிக்கு மாடி ஆகாது, நடைக்குள் உட்கார்ந்து தாயம் உருட்டுங்கள், மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டி சொல்வதைப் போனில் ரெகார்ட் பண்ணலாம் என்று மகள் சொல்வாள். பகலில் ஒரு நாள் செய்யட்டும், ராத்திரி போன் மேலே வர வேண்டாம்.

மற்ற ராத்திரிகளில் தனியாக இருக்க ஆசைப்படுவீர்கள், அதுவும் தேவைதான். கல்யாணத்துக்கு முன்னால் இருபத்தோரு புள்ளிக் கோலம் போட்டதாகவும், இப்போது வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மகளின் பழைய நோட்டில் எழுதாத பக்கங்கள் இருக்கும். ஒரு பென்சிலை எடுத்துப் புள்ளி வையுங்கள். நினைவில் இருக்கும் பழைய கோலம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், எங்கேயாவது சிக்கும். எந்த இழை எங்கே திரும்பியது என்று தேடும்போது கையும் கண்ணும் ஒரே இடத்தில் நிற்கும். யாருக்கும் காட்ட வேண்டாம், ஸ்டேட்டஸில் போட வேண்டாம். சரியாக வந்ததை ஞாயிற்றுக்கிழமை வாசலில் போடுங்கள். இது பிடிக்காமல் போனால் விட்டுவிட்டு வேறு எதையாவது எடுங்கள். எது செய்தாலும், விட்டுவிட்டால் 'ஐயோ, விட்டுப்போச்சே' என்று உங்களுக்கே தோன்றுகிற ஒன்றாக அது இருக்க வேண்டும்.

நேரம் எங்கிருந்து வரும்?

இதெல்லாம் 9.45க்கு ஆரம்பித்தால் மறுபடி பதினொன்றரை ஆகிவிடும். 9 மணிக்கு நீங்கள் விடுபட்டு, பத்தேகாலுக்குப் படுத்தால்தான் தூக்கம் ஆறரை மணியைத் தொடும். ஆகவே போனைவிட முக்கியமான பேச்சு பாத்திரத்தைப் பற்றியது. போன் பழக்கம் பற்றி எனக்கு எழுதும் ஆண்கள் யாரும் ராத்திரி பாத்திரம் கழுவியதைக் குறிப்பிட்டதில்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள்.

பிளஸ் டூ படிக்கும் பெண் இருபது நிமிடம் பாத்திரம் தேய்த்தால் மார்க் குறையாது. மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டே கீரை ஆயலாம், வெங்காயம் உரிக்கலாம். கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் தண்ணீர் பிடிப்பது அவர் வேலை. 'உதவி பண்ணுங்க' என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் அது என்றைக்கும் உங்கள் வேலையாகவே இருக்கும். 'இது இனிமே உன்னுது' என்று பிரித்துக் கொடுங்கள். முதல் வாரம் பாத்திரத்தில் பிசுக்கு இருக்கும். கண்டுகொள்ளாதீர்கள்.

கம்பெனி குரூப்பில் ராத்திரி பத்து மணிக்குக்கூட மறுநாள் டார்கெட் வருகிறது, அதைத் திறந்துதான் ரீல்ஸுக்குள் போய்விடுகிறேன் என்கிறீர்கள். வேலை நேரத்துக்குப் பிறகு மெசேஜைப் பார்க்காமல் இருக்கும் உரிமைக்கு நம் நாட்டில் இன்னும் சட்டம் இல்லை. நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாக வந்ததோடு நிற்கிறது. அதனால் சட்டம் பேசாமல், மேனேஜரிடம் நேரில் பணிவாகச் சொல்லுங்கள்: "சார், ஒன்பது மணிக்கு மேல அவசரம்னா போன் பண்ணுங்க, எடுத்துடுவேன். மெசேஜ் காலையில பஸ்ல பார்த்துடறேன்." லாட் விஷயம் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஒரு மாதம் போகட்டும், அப்புறம் கேளுங்கள்.

போனுக்குச் சில ஏற்பாடுகள்

இவை சின்ன வேலைகள், ஒரே நாளில் முடிந்துவிடும். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்குங்கள். அலாரத்தைக் காரணம் சொல்லித்தான் போன் தலைமாட்டுக்கு வருகிறது. சார்ஜரை டிவி ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள், ஒன்பது மணிக்கு மகளின் போனும் அங்கேயே வரட்டும். அவளைத் திட்டுவதற்குப் பதில் இரண்டையும் ஒன்றாக வைத்தால் அவள் கேட்ட கேள்விக்கு அதுவே பதில். 'தொந்தரவு செய்யாதே' என்ற அமைப்பைப் போட்டு, கணவர், மேனேஜர் எண்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். அவர்கள் கூப்பிட்டால் மணி அடிக்கும், மற்றது அடிக்காது. டைம் லிமிட் ஆப்புகளை நான் பெரிதாக நம்புவதில்லை. பூட்டுப் போட்டவரிடமே சாவியும் இருக்கிறது.

கம்பெனி பஸ்ஸில் போகவர நீங்கள் பார்க்கும் வீடியோவை நிறுத்த வேண்டாம். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. தூக்கம் வந்தால் தூங்குங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு மூன்று வாரம் சீக்கிரம் படுத்தும் தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பசி குறைகிறது என்றால் அது போன் பிரச்சினை அல்ல. மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையத்திலோ காட்டலாம். அவ்வளவு தூரம் போக லீவு கிடைக்காவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். 'செத்துப்போயிடலாமா' என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் மூன்று வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

41 வயதில் அசதிக்கும் தூக்கக் கோளாறுக்கும் தைராய்டு, ரத்தசோகை, மாதவிடாய் நிற்பதை நெருங்கும் காலத்து மாற்றம் ஆகியவையும் காரணமாகலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வலது கட்டைவிரல் அடியில் வலி, குடத்தைத் தூக்கும்போது சுரீரென்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது திரையைத் தள்ளித் தள்ளி வந்ததாகவும் இருக்கலாம், தையல் வேலையால் வந்ததாகவும் இருக்கலாம். தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை குடத்தை மகள் தூக்கட்டும்.